நான் திறக்காத மூடி

இதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுவது என் வேலை. மீட்டர் குழிகளில் சாக்கடை நாறும். பல வீடுகளில் மூடியைத் திறக்காமலே, போன தடவையைவிடக் கொஞ்சம் கூட்டி எழுதிவிடுவேன்.

துறைமுகத் தொழிலாளியின் மனைவி பிலோமினா, பில் தப்பென்று மூன்று முறை மனு கொடுத்தார். விசாரிக்கச் சொல்லி மூன்றும் என்னிடமே வந்தன. டீக்கடையில் உட்கார்ந்து, படிக்காமலே, ‘நேரில் பார்த்தேன், மீட்டர் சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாக்கி ஏறியது. இணைப்பைத் துண்டிக்க உத்தரவு வந்தது.

குழாய் ஃபிட்டரோடு போனேன். அவர் தெருவில் தோண்டி இணைப்பை அடைத்து முடித்தார். பிறகு பிலோமினா அவருடைய கடப்பாரையை எடுத்து, மீட்டர் குழியின் மூடியை நெம்பித் தூக்கினார். குழிக்குள் வெறும் குழாய்தான் இருந்தது. மீட்டரே இல்லை.

“ரிப்பேருன்னு உங்காளுங்க போன வருசமே கயட்டிகினு பூட்டாங்க. அதத்தான் சார் மூணு வாட்டியும் எழுதிக் குட்த்தேன்” என்றார். “எவ்ளோ ஓடிக்கீதுன்னு இப்ப பாத்துச் சொல்லு சார்.”

திரும்ப இணைக்க வேண்டுமென்றால், மீட்டர் இல்லை என்று நான் எழுதித் தர வேண்டும். அதற்கு எனக்கு நான்கு நாளாயிற்று. வேலை போய்விடுமோ என்று பயம். அந்த நான்கு நாளும் அவர் தெருக்குழாயிலிருந்து குடம் சுமந்தார்.

இப்போதெல்லாம் எதையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். அதற்குமேல் பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றுமில்லை.