பூக்குழியில் அடித்த நுரை

எண்பதுகளில் மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் எனக்கு வேலை. செம்பனை ஆலையின் பம்ப் என் பொறுப்பு. தீப்பிடித்தால் ஹோஸ் பிடிப்பதும் நான்தான். ஆலைக்குப் பின்னால் டீசல் டாங்க், அதை ஒட்டிக் காய்ந்த லாலான் புல், அதற்கு அடுத்து அம்மன் கோயில். அங்கே தீமிதி என்றால் நான் ஹோஸோடு காவல் நிற்பேன்.

ஒரு வருடம் எல்லாரும் மிதித்து முடித்த நேரம் காற்று கிளம்பியது. தணல் பறந்து புல் பற்றிக்கொண்டது.

"ஃபோம் அடி லா! டாங்க் வெடிச்சா எல்லாரும் காலி!" என்று எஸ்டேட் உதவி மேனேஜர் சின்ன துரை கத்தினார். டிரம்மில் இருந்த ரசாயனத்தைத் தண்ணீரில் கலந்து நுரையாக அடித்தேன். புல்லும் அணைந்தது, பூக்குழியும் நுரையில் மூழ்கியது.

வம்பு அதற்குப் பிறகுதான். பூக்குழிச் சாம்பலைக் கரைத்து நோயாளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது எங்கள் தொழிலாளர் லயத்து வழக்கம். எஸ்டேட்டின் ரப்பர் பகுதியில் பால்மரம் வெட்டும் லெட்சுமியின் மகனுக்கு விடாத காய்ச்சல். அவனுக்காகத் தீ மிதித்தவள், கிண்ணத்தோடு வந்து நுரையை ஒதுக்கினாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"வேணாம்மா, இதுல ஃபோம் மருந்து கலந்திருக்கு."

"ஆத்தா சாம்பல தடுக்க நீ யாருய்யா?"

சின்ன துரை சிரித்தார். "சோப்புத் தண்ணிதானே முனியாண்டி, விடு லா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. குடிக்கக் கூடாது என்று டிரம்மிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதைக் கலந்து கலந்து என் விரலெல்லாம் தோல் உரிந்து கிடந்தது. கையை நீட்டிக் காட்டினேன்.

"உங்க பிள்ளைக்கு இத கரைச்சுக் குடுப்பீங்களா தொரை?"

லெட்சுமி என் கையைப் பார்த்தாள். கிண்ணத்தை வீசி எறிந்தாள். "என் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சு, உன்ன சும்மா விடமாட்டேன்" என்று அழுதுகொண்டே போனாள். பிள்ளை பிழைக்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் போட்ட ஊசியில் பிழைத்தான். அவள்தான் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

நுரை மறுநாளே காணாமல் போனது. ஒழிந்தது என்றுதான் நினைத்தோம். இப்போது சொல்கிறார்கள், அந்த ரசாயனம் மண்ணிலும் தண்ணீரிலும் வருஷக்கணக்காக அப்படியே கிடக்குமாம், உடம்புக்கும் ஆகாதாம். டீசல் எரிந்தால் ஃபோம் வேண்டும், மறுக்கவில்லை. புல்லுக்குத் தண்ணீர் போதும், இன்று ஹோஸ் பிடிக்கும் தம்பிகளா. தீ அணைந்த பிறகு அடித்தது எங்கே போகிறது என்றும் பாருங்கள்.

அடுத்த தீமிதிக்கு டிரம்மைக் கோயிலுக்கே கொண்டுவரச் சொன்னார் சின்ன துரை. உருட்டிக்கொண்டு போனால், புல்லை வழித்து வெட்டிவிட்டிருந்தார்கள். பூக்குழியைக் கோயிலின் மறுபக்கம் புதிதாக வெட்டியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்கள், முன்னால் லெட்சுமி.

"பழைய குழி என்னாச்சு?" என்று அவளிடம் கேட்டேன்.

"ஒங்க கைய பாத்தேன்ல அண்ணே, அந்த மண்ணு வேணாம். டிரம்ம திருப்பிக்கிட்டு போங்க."