கடல் வந்ததும் கத்தாதீங்க

சித்திரை பிறந்தால் மற்றவர்கள் வீட்டில் மாங்காய்ப் பச்சடி. எங்கள் வீட்டில் பெரிய படம். என் அக்கா புருஷன், அதாவது மாமா, பட்டினப்பாக்கத்தில் ரசிகர் மன்றத் தலைவர். அவருடைய நாயகனின் படம் கோடைக்கு வருகிறது என்றால் பங்குனியிலேயே மனிதருக்குக் காய்ச்சல் கண்டுவிடும். மீன் ஏற்றும் வண்டியில்கூட போஸ்டர் ஒட்டிவிடுவார். வீட்டு வேலை சொன்னால் மட்டும் காது கேட்காது.

இந்த வருடம் அக்காவுக்கும் அதே காய்ச்சல். ஆனால் காரணம் வேறு. அக்கா வடபழனிப் பக்கம் டப்பிங் ஸ்டுடியோக்களில் கும்பலுக்குக் குரல் கொடுப்பவள். படத்தில் திருவிழா, கல்யாணம், சாவு வீடு என்று எது வந்தாலும் சில பேர் மைக் முன்னால் நின்றுகொண்டு ஊரே கத்துவதுபோலக் கத்துவார்கள். அதில் எது அக்காவின் குரல் என்று அக்காவுக்கே தெரியாது. இந்தப் படத்தில்தான் முதன்முறையாக அவளுக்குத் தனியாக ஒரு குரல். புயல் நேரத்தில் கரையில் நிற்கும் ஒரு தாய், கடலுக்குள் போன மகனைக் கூப்பிடுகிறாள். நடித்த அம்மாவுக்குச் சத்தம் போதவில்லை என்று அக்காவை நிற்க வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே தடவைதான் கூப்பிட்டாளாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் இன்னொரு தடவை கேட்காமலே 'ஓகே' சொல்லிவிட்டாராம்.

"பேர்லாம் போட மாட்டாங்கடீ. ஒருவாட்டி தியேட்டர்ல என் கொரல நானே கேட்டுட்டா போதும்" என்றாள்.

அதைக் கேட்க நாங்கள் எந்தக் காட்சிக்குப் போனோம்? முதல் நாள் முதல் காட்சிக்கு! புத்தியுள்ள எவராவது ஒரு குரலைக் கேட்க அங்கே போவார்களா? ஆனால் மன்றத் தலைவர் குடும்பம் வேறு காட்சிக்குப் போனால் அது குலத்துரோகம். நான் வேலை பார்க்கும் தி. நகர் ஜவுளிக்கடையில் பல்வலி என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசலில் கட்அவுட்டுக்குப் பால், மேளம், கொளுத்தும் வெயிலில் வெறுங்காலோடு ஆட்டம். உள்ளே போனால் தலையெல்லாம் காகிதத் துண்டுகள்.

திரையில் கடல் வந்தது. அந்த அலைக்குள்ளிருந்துதான் நாயகன் எழுந்து வருவான் என்று டிரெய்லர் பார்த்த எல்லோருக்கும் தெரியும். கடல் தெரிந்ததுமே அரங்கம் எழுந்து நின்றது. கரையில் அந்தத் தாயின் வாய் திறந்தது, மூடியது. எனக்குக் கேட்டதெல்லாம் விசில்தான். அதிலும் உரக்கக் கேட்டது மாமாவின் விசில்.

அக்கா மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். மடியில் விழுந்த காகிதத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அக்கா கூப்ட்டுச்சே, கேட்டியா மாமா?"

மாமாவின் விரல்கள் வாயிலேயே நின்றன. "வந்துட்ச்சா? எப்போ?"

"பரவால்ல வுடுடீ. தியேட்டர்னா அப்டித்தான் இர்க்கும்" என்றாள் அக்கா. அவள் அதைச் சொன்ன விதம் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு மாமாவே மறுபடி எங்களை அழைத்துப் போனார். அதற்காக எனக்கு இன்னொரு பல்லும் வலித்தது. மன்றத்து ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அரங்கம் நிறைந்திருந்தது. விளக்கு அணைவதற்கு முன்னால் மாமா திரைக்கு முன் போய் நின்று கையைத் தூக்கினார்.

"மச்சி, நைனா, எல்லாரும் கேட்டுக்கோங்க. கடல் வந்ததும் கத்தாதீங்க. கரையில ஒரு அம்மா கூப்புடும். அது எங்கூட்டுக்காரம்மா கொரல். அது முடியட்டும், அப்பால கூரைய பிச்சிக்கினு போனாலும் நா கேக்க மாட்டேன்."

யாரோ சிரித்தார்கள். யாரோ "சரி தலைவா!" என்றார்கள். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கடல் வந்தது. ஒரு சத்தமும் இல்லை. தொண்டை வரை வந்த கூச்சலை இத்தனை பேர் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஏசி ஓடுவதுகூடக் கேட்டது.

"கண்ணூ... கரைக்கு வந்துர்றா!"

நான்கு சுவர்களிலிருந்தும் வந்தது அந்தக் குரல். எங்கள் தெருவில் பிள்ளைகளைச் சோற்றுக்குக் கூப்பிடும் அதே குரல்தான். அலைக்கு மேலே கேட்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து கத்திக் கத்திப் பழகிய குரல். அது இவ்வளவு பெரியது என்று இத்தனை வருடம் கூடவே இருந்தும் எனக்குத் தெரியாமல் போயிற்றே! பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துக் கும்பிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அலையைப் பிளந்துகொண்டு நாயகன் எழுந்து வந்தான். அப்போதும் ஒருவரும் கத்தவில்லை. முதல் விசில் அடிக்க வேண்டிய மாமா திரையைப் பார்க்கவே இல்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் விலாவில் இடித்தாள்.

"இன்னாய்யா என்னியே பாத்துக்கினு கீற? உன் தலைவன் வந்துட்டான் பாரு, விசில் அடி."

மாமா விரலை வாயில் வைத்தார். வெறும் காற்றுதான் வந்தது.