தங்கைக்கு வெயில் ஆகாது

என் தங்கைக்கு வெயில் ஆகாது. இதை நாங்கள் நம்புவதற்குப் பதினான்கு வருடம் ஆயிற்று.

ஜவ்வாது மலையில் எங்களுக்குக் கொஞ்சம் சாமைக்கொல்லை உண்டு. அறுப்புக்கு வீடே இறங்கும். அவள் மட்டும் அரை மணி நேரத்தில் கையை உதறிக்கொண்டு ஓடைக்கு ஓடி, முழங்கை வரை தண்ணீரில் முக்கிக்கொண்டு அழுவாள்.

"உள்ள நெருப்பு வச்ச மாரி எரியுதுக்கா."

புரட்டிப் பார்த்தால் கொப்புளம் இருக்காது, காயம் இருக்காது. வேலைக்குப் பயந்தவள் என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன். அவளுக்குப் பதினான்கு வயதானபோது நான் திருப்பத்தூரில் உயிர்வேதியியல் இரண்டாம் வருடம். அறுப்புக்கு விடுமுறையில் வந்திருந்தேன். "நடிக்காத, வா" என்று ஓடையிலிருந்து அவளை இழுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் நிறுத்தினேன். சாயங்காலம் அவள் கைகள் வீங்கிவிட்டன. சோற்றைப் பிசைய விரல் மடங்கவில்லை. அம்மாதான் ஊட்டிவிட்டாள். என்னால் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் அப்பாவும் நானும் அவளைப் பஸ்ஸில் வேலூருக்குக் கூட்டிப்போனோம். மூடிய கண்ணாடி ஜன்னலோரம் உட்கார்ந்தவள் அமிர்தி தாண்டியதும் மறுபடி கையை உதறத் தொடங்கினாள். தோல் மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். "கண்ணாடிக்கு உள்ள இருந்தும் எரிஞ்சுதாம்மா?" அவள் தலையாட்டினாள். அதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. ரத்தம் எடுத்த குழாயை வெளிச்சம் படாமல் கறுப்புத் தாளில் சுற்றி அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று காரணம் தெரிந்தது. ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீம் என்ற பொருளை உடம்பு படிப்படியாகச் செய்கிறது. கடைசிப் படியில் போர்ஃபிரின் என்ற வளையத்துக்குள் இரும்பை வைக்க வேண்டும். அவளுக்கு அந்தப் படி மந்தம். இரும்பு ஏறாத வளையங்கள் செல்லுக்குள் தேங்குகின்றன. செல்லின் சுவரில் வாசல் போல நிற்கும் சில புரதங்கள் அவற்றை வெளியே தள்ளுகின்றன. ரத்தத்தோடு தோலுக்கு வந்து சேர்ந்தவற்றின் மேல் வெளிச்சம் பட்டால் எரிச்சல்.

எனக்கு அந்த வாசல் புரதங்களை விட மனம் வரவில்லை. படிப்பை முடித்து, இப்போது ஒரு ஆய்வுக்கூடத்தில் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் தங்கை அங்கே வந்தாள். கையுறை, முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை. குழந்தைக்கும் இது இருக்குமோ என்று ரத்தம் சோதிக்கத்தான் வந்திருந்தாள். முடிவுக்குக் காத்திருந்தபோது தங்கையின் ரத்தத்தில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்து ஊதா வெளிச்சம் போட்டேன். இருட்டில் செல்கள் சிவப்பாக ஒளிர்ந்தன.

குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "இதான் என்ன எரிச்சுதாக்கா?"

"ஆமா. அன்னிக்கு உன்ன இழுத்துட்டுப் போனேனே..."

"வுடு. யாருக்கும் தெரியல, உனக்கு மட்டும் தெரியுமா இன்னா?" என்றவள், "அந்த வாசல மூடிட்டா வெளிய வராதில்ல?" என்று கேட்டாள்.

நாங்கள் தலையை உடைத்துக்கொள்ளும் கேள்வியே அதுதான். மூடினால் தோல் பிழைக்கலாம், ஆனால் உள்ளேயே தேங்குவது செல்லை என்ன செய்யும்? அதைச் சொன்னேன். இன்னொரு வாசலைப் பற்றியும் சொன்னேன். ஹீம் செய்யத் தேவையான கிளைசின் என்ற மூலப்பொருள் அதன் வழியாகத்தான் செல்லுக்குள் போகிறது. அதைப் பாதி சாத்தினால் போர்ஃபிரின் உண்டாவதே குறையும். அப்படி ஒரு மருந்தை வெளிநாடுகளில் நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்க்கிறார்கள்.

"நம்ம மலைக்கு வருமா?"

"எப்பன்னு தெரியல. வரும்னு நம்பித்தான் வேலை செய்றேன்."

மதியம் முடிவு வந்தது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. தங்கை நம்பவில்லை. தானே பார்க்க வேண்டும் என்றாள். குழந்தையின் ரத்தத்தில் மீந்திருந்த துளியை வைத்துக்கொடுத்தேன்.

"ஒண்ணுமே தெரியலியே, கருப்பா கீது."

"அதான் நல்ல சேதி."

கண்ணை எடுக்காமலே சிரித்தாள். பிறகு குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, மறுபடியும் ஒரு தடவை பார்க்கக் குனிந்தாள்.