மழைத் தண்ணீரில் கழுவிய கை

புதுமடத்துக் குல்சும் புருஷனோடு வாழ்ந்தது மொத்தம் எட்டு மாதம். கொழும்பில் ஜவுளிக்கடை வைத்திருந்த சீனி முகம்மது ஐம்பத்தொன்றில் தனுஷ்கோடியில் கப்பல் ஏறினான். அதன்பிறகு பணம் வந்தது, சேலை வந்தது, ஆள் வரவில்லை. விசா கெடுபிடி என்று எழுதுவான். ஆறு வருஷத்தில் அவன் முகம் அவளுக்கு மறக்கத் தொடங்கியிருந்தது. மூக்கு ஞாபகம் இருந்தது, சிரிப்பு ஞாபகம் இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வாள்?

ஒரு போட்டோ இருந்தால் போதும். ஆனால் உருவம் பிடிப்பது ஹராம் என்று அவனைப் பெற்ற மாமி ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். கொழும்பிலிருந்து வந்த பிஸ்கட் டின்னில் மகாராணி சிரித்துக்கொண்டிருந்தது மட்டும் மாமி கண்ணில் படவே இல்லை.

குல்சுமின் காக்கா வாவு முகம்மதுக்கு மண்டபத்தில் ஓர் எஞ்சினீயர் ஆபீசில் ப்ளூ பிரிண்ட் எடுக்கும் வேலை. மருந்து தடவிய தாளை வரைபடத்துக்கு அடியில் வைத்து வெயிலில் காட்டித் தண்ணீரில் அலசினால், கோடு வெள்ளையாகவும் மற்ற இடம் நீலமாகவும் வரும். வெட்டிப்போட்ட துண்டுகளைக் கறுப்புத் துணியில் சுற்றித் தங்கைக்குக் கொண்டுவந்தார்.

"கேமரா வேணாம், ஒண்ணும் வேணாம் புள்ள. எதை வச்சாலும் அது நிழலு விழுந்திரும்."

முருங்கை இணுக்கை வைத்தாள். கரையொதுங்கிய பாசியை நூல் நூலாகப் பிரித்து வைத்தாள். நண்டு ஓடு வெறும் கட்டியாக விழுந்து ஏமாற்றியது. காற்றில் இலை அசைந்தால் ஓரம் கலங்கிவிடும். கால் மணி நேரம் அசையாமல் இருந்தால்தான் கத்தரித்த மாதிரி வரும். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் கழுவியதெல்லாம் இரண்டே நாளில் வெளுத்தது. மழைத் தண்ணீரில் கழுவியது நின்றது. ஐப்பசி மழையை இதற்கென்றே ஒரு குடத்தில் பிடித்து மூடி வைத்தாள்.

ஒருநாள் உச்சி வெயிலில் தன் கையையே வைத்துப் பார்த்தாள். ஈ மொய்த்தும் அசைக்கவில்லை. விரல் விரலாக வந்தது. அன்றைக்கே கொழும்புக்கு எழுதினாள்.

"மச்சான், இந்தக் கறுப்புத் துணிக்குள்ள ஒரு தாளு இருக்கு. வெயில்ல வச்சு, அதுமேல உங்க வலது கைய வச்சுக் கால் மணி நேரம் அசையாம இருங்க. கைய எடுத்ததும் பாத்துக்கிட்டு இருக்காம ஒடனே சுத்தி அனுப்பிருங்க. அங்கன கழுவ வேணாம். இங்கன மழைத் தண்ணி வச்சிருக்கேன்."

நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று. வழியில் சுங்கத்தில் யாராவது பிரித்துவிட்டால் வெளிச்சம் பட்டுத் தாள் முழுக்க நீலமாகிவிடும், கை போய்விடும் என்று தினமும் அடித்துக்கொண்டாள். பார்சல் வந்ததும் அடுப்படி இருட்டில் முடிச்சை அவிழ்த்து, குடத்துத் தண்ணீரைத் தாம்பாளத்தில் ஊற்றித் தாளை அமிழ்த்தினாள்.

கை வந்தது. சுண்டுவிரல் லேசாக வளைந்திருந்தது. அவன்தான்! அந்த வளைவை எப்படி மறந்தாள்? குல்சும் அழுதுவிட்டாள்.

அப்புறம்தான் சுண்டுவிரலை ஒட்டி இன்னொரு கையைப் பார்த்தாள். சின்னக் கை. மூன்று, நான்கு வயசு இருக்கும். ஐந்து விரலும் துளி கலங்காமல் விழுந்திருந்தன.

அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை, கையோடு கை வைத்து வெயிலில் கால் மணி நேரம் அசையாமல் உட்காராது. வாப்பா மடியில் இருக்கிற பிள்ளைதான் உட்காரும்.

பிள்ளை கை விழுந்ததைப் பார்க்காமல் சுற்றினானா? இல்லை, ஆறு வருஷமாகச் சொல்ல வாய் வராததை இப்படிச் சொன்னானா?

மாமி வந்து எட்டிப் பார்த்தார். சின்னக் கை யாருடையது என்று கேட்கவில்லை. அப்படியே திரும்பிப் போனார். கொழும்பிலிருந்து போட்டோ வந்தால் கூட யார் இருப்பார்கள் என்று தெரிந்துதான் மாமி கூடாதென்றார் என்பது குல்சுமுக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த வீட்டில் தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

பக்கத்தில் வாளி நிறையக் கிணற்றுத் தண்ணீர் இருந்தது. முக்கினால் போதும், இரண்டு நாளில் எல்லாம் வெளுத்துவிடும். வாளியைத் தூக்கிக்கொண்டுபோய் முருங்கைக்கு ஊற்றினாள். தாளை நிழலில் காயப்போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"மச்சான், கை வந்து சேந்துச்சு. ரெண்டும் தெளிவா விழுந்திருக்கு. புள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்கீக?"