பேயிடம் போன பகல் தூக்கம்

தெருவே அவளை நெட்டை டெய்லரம்மா என்றுதான் கூப்பிடும். தன் கடைக்குள்ளேயே குனிந்துதான் நுழைவாள். அந்த உயரம்தான் அவளைச் சினிமாவில் கொண்டுபோய்த் தள்ளியது.

கறுப்பு வெள்ளையில் பேய்ப்படம் எடுக்க பஞ்சப்பாட்டுப் பாடும் ஒரு கூட்டம் வந்திருந்தது. கதையில் வருவது, கேட்டதைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஆளின் நிழலையோ சிரிப்பையோ பசியையோ வாங்கிக்கொண்டு போகிற பேய். அதற்கு அங்கி தைக்கச் சொல்லிப் பழைய ஜன்னல் திரையைக் கொடுத்தார்கள், உள்துணிக்குச் சாக்கு. பேயாக நடிக்க வந்தவர் போட்டுப் பார்த்தார், உடம்பெல்லாம் சொறிந்தார், சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டிவிட்டார். டைரக்டர் அங்கியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"நீங்களே போட்டுக்கிட்டு நில்லுங்கம்மா. வசனத்தை நான் பேசிக்கறேன்."

நின்றாள். புகைக்காக முகப்பவுடரை ஊதினார்கள். பேய் இரண்டு இடத்தில் தும்மியது. படம் வந்த சுவடே தெரியாமல் போனது. ஆனால் தெருவில் ஒருவர் விடாமல் பார்த்துவிட்டார்கள்.

ஒருநாள் மாடிவீட்டுக் குமாஸ்தா பேன்ட்டைக் குட்டையாக்கக் கொண்டுவந்தார்.

"பேயம்மா, பக்கத்து ஆபீசுக்கு ஒரு மாற்றல் வாங்கித் தாங்களேன்."

"பதிலுக்கு?"

"என் மத்தியானத் தூக்கம். அதுக்குத்தான் தினமும் திட்டு வாங்கறேன்."

"சரி, எடுத்துக்கிட்டேன்" என்றாள், வாயில் குண்டூசியைக் கவ்வியபடியே.

அடுத்த வாரமே மாற்றல் வந்துவிட்டது. இரண்டே நாளில் குமாஸ்தாவின் மனைவியும் வந்தாள், மூச்சிரைக்க.

"அக்கா, மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வர்றவரு கண்ணே மூட மாட்டேங்கறாரு. சமையல்கட்டுல வந்து ஒவ்வொரு டப்பாவா திறந்து, இது எதுக்கு, அது எதுக்குங்கறாரு. தயவுபண்ணித் திருப்பிக் குடுத்துடுங்க!"

டெய்லரம்மாவுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகுதான் ஒன்று உறைத்தது. குமாஸ்தா வந்துபோன நாளிலிருந்து மத்தியானமானால் மெஷினிலேயே அவளுக்குத் தலை சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு சட்டைப் பையின் வாயையே மூடித் தைத்திருந்தாள்.

"அவரை உடனே அனுப்பு" என்றாள்.

குமாஸ்தா வந்து, துணி வெட்டும் மேஜைமேல் கூச்சத்தோடு படுத்தார். அவள் நெற்றியில் கைவைத்து, டைரக்டரின் கட்டைக்குரலில், "இந்தாங்க, உங்க தூக்கம். இனிமே யார்கிட்டயும் குடுக்காதீங்க" என்றாள். கையை எடுக்குமுன்பே குறட்டை கிளம்பிவிட்டது. அடியில் யாருடைய கோட்டுத் துணியோ சாக்பீஸ் கோடுகளோடு மாட்டிக்கொண்டது. எழுப்ப மனம் வரவில்லை. அவர் முழங்கையைச் சுற்றிச் சுற்றியே கத்தரியை ஓட்டினாள்.

மெஷினுக்குத் திரும்பியபோது அவளுக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. அதன்பிறகு தெருவில் யார் எந்தக் குறையோடு வந்து நின்றாலும், "அளவு மட்டும் குடுங்க, போதும்" என்று டேப்பை எடுத்துவிடுவாள்.