ஏழு கழகம், ஆறு வீடு

லூயிஷாமில் குடியிருந்த காலத்தில் பழைய பேஸ்பால் புத்தகம் ஒன்றை வாங்கினேன். பேஸ்பால் பற்றி எனக்குத் தெரிந்தது, அது தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடும் எங்கள் ஊர் எல்லே விளையாட்டுக்குக் கையுறை மாட்டிவிட்ட மாதிரி என்பதுதான். ஆனாலும் அதில் ஒரு மனிதர் என்னைப் பிடித்துக்கொண்டார். நூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்க ஆட்டக்காரர். தரையோடு உருண்டு வரும் பந்தைத் தடுக்க உள்வட்டத்தில் நிற்பவர். படத்தில் அவருடைய கையுறை, சட்டி இறக்கும் துணியைவிடத் தடிப்பில்லை. விரல்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்தன.

ஏழு கழகங்களில் ஆடியிருக்கிறார். யாருக்காவது கால் முறிந்தால் அந்த இடத்தில் இவரை நிறுத்துவார்கள். கால் சரியானதும் இவருக்கு அடுத்த ரயில். என் சுயசரிதையை யாரோ முந்திக்கொண்டு எழுதியதுபோல் இருந்தது. நானும் லண்டனில் ஆறு வீடு கண்டவன். லூயிஷாமிலேயே நான்கு. பிறகு, சுவரில் ஈரம் என்று வெஸ்ட் ஈலிங். அங்கே விமானச் சத்தம் என்று மோர்டன். மோர்டனில் குறையே அகப்படவில்லை. மூன்று வருடமாக அதுதான் என்னை அரித்தது.

ஏழாவது வீட்டைப் பார்க்க, வீட்டு ஏஜென்டிடம் சனிக்கிழமைக்கு நேரம் எடுத்தேன். வெள்ளி மாலை, மனைவி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நேராகச் சொல்லத் துணிவில்லாமல் ஆட்டக்காரரின் கதையில் தொடங்கினேன்.

"ஏன் அந்த மனிசன் ஒரு இடத்தில இருக்கேல்லை?" என்றாள்.

"அவர் விரும்பிப் போகேல்லை. கழகக்காரர் வித்துப்போடுவினம். அந்தக் காலத்தில ஆட்டக்காரரைக் கேக்கிறேல்லை."

"ஓம், அவரை வித்தவை. உங்களை ஆர் வித்தது?"

ஈரம் என்று சொல்ல வாயெடுத்தேன். மோர்டனில் ஈரம் இல்லை.

"நாளைக்கு எத்தினை மணிக்கு வீடு பாக்கிறது?" என்றாள் அடுத்து. "முழிக்காதேங்கோ. ஏஜென்ட் என்ர ஃபோனுக்கும் மெசேஜ் போட்டிட்டான்."

"பதினொண்டுக்கு."

"நான் வரேல்லை. ஒவ்வொரு சேர்ச்சிலயும் கடைசி வரிசை வாங்கில இருந்து இருந்து, இஞ்சதான் மூண்டாவது வாங்குக்கு வந்திருக்கிறன். எனக்காக இடம் பிடிச்சு வைக்க ஆக்கள் இருக்கினம். திரும்பக் கடைசிக்குப் போக ஏலாது. நீங்கள் வேணுமெண்டால் போங்கோ."

கத்தி ஒரு கணம்கூட நிற்கவில்லை. அதனால்தான் பயந்தேன்.

சனி காலை ஏஜென்டை அழைத்து, வரவில்லை என்றேன். காரணம் கேட்டான். கழகம் விற்கச் சம்மதிக்கவில்லை என்றேன். அவன் அதை எழுதிக்கொண்டான் போலிருந்தது.

பதினொரு மணிக்குக் கையும் காலும் சும்மா இருக்க மறுத்தன. சோபாவை யன்னலடியிலிருந்து சுவரோரம் இழுத்தேன். பிடிக்கவில்லை. திரும்ப யன்னலடிக்கு இழுக்கையில் மனைவி வந்து பார்த்தாள்.

"இதை வேணுமெண்டால் ஏழு தரம் மாத்துங்கோ," என்று மற்ற முனையைப் பிடித்தாள்.