களிமண்ணில் செய்த தீபகற்பம்

ஐம்பதுகளின் கடைசியில் பெரியநாயக்கன்பாளையம் பக்கத்துப் பள்ளியொன்றில் பூகோளம் நடத்தினேன். தற்காலிக வேலை. இன்ஸ்பெக்டர் வகுப்பைப் பார்த்து நல்ல வார்த்தை எழுதினால் நிரந்தரம். இல்லாவிட்டால் தையில் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று அப்பா பேசி முடித்திருந்தார். மாமன் மகன்மேல் எனக்கு வெறுப்பில்லை. வகுப்பறைமேல்தான் கொள்ளை ஆசை.

மூன்று பக்கமும் கடல் என்றால் பிள்ளைகள் பேந்தப் பேந்த விழித்தார்கள். குளத்துக்கு மேல் தண்ணீர் பார்க்காதவர்கள். ஆகவே பள்ளிக்குப் பின்னால் களிமண்ணைக் குழைத்துத் தென்னிந்தியாவையே செய்தேன். மேற்கே மலைத்தொடர், தெற்கே குமரிமுனை. நிலம் பச்சையாகத் தெரிய ராகி விதைத்தேன். மூன்று பக்கமும் பள்ளம் வெட்டித் தண்ணீர் நிறுத்தினேன். கர்வம் தலைக்கேறியிருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று காலையில் போய்ப் பார்த்தால், அரபிக்கடல் மலையை அறுத்துக்கொண்டு கோயமுத்தூர் வழியாக வங்காள விரிகுடாவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மண்வெட்டியோடு, பள்ளிக்குத் தண்ணீர் இறைக்கும் அக்கா.

"என்னக்கா இப்படிச் செஞ்சுபோட்டீங்க!"

"சுத்தியும் தண்ணி நிக்குது, நடுவுல ராகி காஞ்சு சாவுதுங்க டீச்சர். அதான் மடையை வெட்டி உட்டேனுங்க."

விவசாயம் பார்க்கிற ஊரில் யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனாலும் எனக்கு அழுகை முட்டியது. அதற்குள் இன்ஸ்பெக்டர் பிள்ளைகளோடு வந்து நின்றுவிட்டார்.

மலை அறுந்த இடத்தைப் பார்த்தேன். பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய அங்கேதான். வாய் தானாகப் பேசத் தொடங்கியது.

"மேற்குக் கரையில எறங்கின வியாபாரிங்க, குமரியைச் சுத்தாம இந்தக் கணவாயில நுழைஞ்சு நம்மூர் வழியாத்தான் கிழக்குக் கரைக்குப் போனாங்க. அவங்க கொண்டுவந்த ரோமாபுரிக் காசு நம்ம பக்கத்து மண்ணுல கெடைச்சிருக்குது."

"அப்ப நாம நடுவழியில இருந்தமுங்களா டீச்சர்?" என்றாள் ஒரு சிறுமி.

"ஆமா கண்ணு."

"கணவாயைத் திறந்து காட்டியது நல்ல யோசனை" என்றார் இன்ஸ்பெக்டர். பேசாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"யோசனை என்னுதில்லைங்க. ராகி காயுதுன்னு இந்த அக்காதான் வெட்டி உட்டாங்க."

அவர் அக்காவைப் பார்த்தார், ராகியைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். அங்கேயே நின்றபடி நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டார்.

நிரந்தர உத்தரவை அப்பா இரண்டு முறை படித்தார்.

"மாமனூட்டுக்கு என்ன சொல்றது அம்மணி?"

"தையில எனக்குப் பாடம் நடத்தோணும்னு சொல்லுங்கப்பா" என்றேன்.